தராசில் தொங்கிய மாப்பிள்ளை

ஒரு மனிதனை உண்மை பேச வைக்கச் சூடத்தை அணைக்கச் சொல்வார்கள், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். எல்லாம் வீண் வேலை. இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, ஆள் உயரத்துக்கு மேலே தொங்கவிட்டு, கீழே பெண்வீட்டாரை நிறுத்தி வையுங்கள். உண்மை தானாக வரும். எனக்கு வந்தது.

போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. முன்னால் குடோன், பின்னால் வீடு. யார் வந்தாலும் குடோனுக்குள் நுழைந்து மூட்டைகளுக்கு நடுவே நடந்துதான் வீட்டுக்குள் வரவேண்டும். (இப்படிக் கட்டச் சொன்ன வாஸ்துக்காரர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.)

எனக்குப் பெண் பார்த்தார்கள். தேவாரத்துக் குடும்பம், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். பெண் பெயர் அகிலா. பெங்களூரில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கயிறு கட்டிக்கொண்டு பாறை ஏறுவாளாம், அதுவும் கைக்காசைச் செலவழித்து! எங்கள் ஊரில் மலை ஏறுகிறவர்கள் எல்லாம் கூலிக்கு ஏறுகிறவர்கள். அவர்களும் ஜீப்பில்தான் போவார்கள். சும்மா ஏறுவதற்கு ஒருத்தி இருக்கிறாள் என்பதையே அம்மா நம்பவில்லை.

நம்பியவர் ஒருவர்தான், என் தாய்மாமா. சம்பந்தம் பேசப் போன இடத்தில் அவர் அடித்துவிட்டார்:

"எங்க மாப்ளையா? எந்நேரமும் மலையிலதான் கெடப்பான். இம்மாம் பெரிய பைய முதுகுல போட்டான்னா மெட்டு வரைக்கும் நிக்காம ஏறுவான். உடம்பு சும்மா சிக்குனு இருக்கும். அறுபத்தெட்டுக் கிலோ, ஒரு பிடி கூட இருக்காது!"

நான் அதுவரை ஏறிய உச்சபட்ச உயரம் எங்கள் வீட்டு மொட்டை மாடி. அம்மா வடகம் காயப்போட்டால் மட்டும்.

இரண்டு நாள் கழித்து அகிலா போன் செய்தாள். சம்பளம் கேட்பாள், சமைக்கத் தெரியுமா என்று கேட்பாள் என்றெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவள் கேட்டது, "உங்க எடை எவ்வளவு?"

"எதுக்குங்க?"

"நீங்க பாறையில ஏறுறப்போ கீழ கயித்தப் பிடிக்கப் போறது நான்தான். பிடிக்கிறவளை விட ஏறுறவர் ரொம்பக் கனமா இருந்தா, நீங்க விழுந்தவுடனே நான் மேல போயிருவேன்."

கல்யாணத்தைப் பற்றி அதுவரை எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்த நொடியே அவளைப் பிடித்துப்போயிற்று. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று போனைப் பிடித்த கையோடு முடிவு செய்துவிட்டேன். அந்தப் படபடப்பில், "மாமா சொன்னதுதாங்க, அறுபத்தெட்டு" என்றேன்.

"சொந்தமா ஹார்னெஸ் வச்சிருக்கீங்களா?"

ஹார்னெஸ் என்பது இடுப்பிலும் இரண்டு தொடையிலும் மாட்டிக்கொள்ளும் பட்டை. அதில்தான் கயிற்றைக் கோப்பார்கள். இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது, "இல்லாமயாங்க?" என்று சொல்லிவிட்டேன்.

"தொங்கிப் பாத்தீங்களா? நின்னுக்கிட்டு மாட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரம் தொங்கினாத்தான் எங்க அறுக்குது, எங்க நழுவுதுன்னு தெரியும்."

"தெனம் தொங்குறதுதாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீடு பார்க்க வருவதாகவும், பேசி முடித்தபின் தோட்டத்துக்குப் பின்னாலுள்ள பாறையில் நாங்கள் இருவரும் ஏறுவதாகவும் ஏற்பாடு. "உங்க சாமானையெல்லாம் எடுத்து வைங்க" என்றாள். சாமான் இருந்தால்தானே எடுத்து வைக்க! அன்றே போனில் தேடி ஹார்னெஸ், கயிறு, ஹெல்மெட், சப்பாத்து, முதுகுப் பை என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஆர்டர் போட்டேன்.

சாமான் வந்து இறங்கியதும் அம்மா ஹார்னெஸைத் தூக்கிப் பார்த்து, "ஏண்டா அப்பு, காளையா வாங்கப் போற?" என்றாள். ஆனாலும் புதுச் சாமான் ஆயிற்றே என்று ஹெல்மெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். கொக்கி வளையம் துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

நான் சோதனையில் இறங்கினேன். சப்பாத்துக்குள் தண்ணீரே போகாது என்று எழுதியிருந்ததால், மாட்டிக்கொண்டு வாளிக்குள் நின்றேன். தண்ணீர் கணுக்காலுக்கு மேலே ஏறி உள்ளே இறங்கியது. எழுதியிருந்தது உண்மைதான், உள்ளே போன தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. அடுத்து முதுகுப் பையில் பழைய காலேஜ் புத்தகங்களை அடைத்து மாட்டினேன். நான் எழுந்தேன், பை எழவில்லை. திரும்பவும் முயன்றதில் பை எழுந்தது, நான் படியில் உருண்டேன். பிறகு புத்தகத்தை எடுத்துவிட்டு இரண்டு தலையணைகளைத் திணித்தேன். கண்ணாடியில் பார்த்தால் இமயமலைக்குக் கிளம்புகிறவன் மாதிரியே இருந்தது. பாறை வரைக்கும் இதோடு நடப்பது, அதற்கப்புறம் சாமி விட்ட வழி.

ஞாயிறு காலையில்தான் நினைவு வந்தது, இன்னும் தொங்கிப் பார்க்கவில்லை. அவள் மறுபடியும் கேட்டால்? பதினொரு மணிக்குத்தான் வருகிறார்கள், நேரம் இருக்கிறது. ஆனால் எங்கே தொங்குவது?

ஏலக்காய்க் கடைக்காரன் மகனுக்குக் கொக்கி என்றால் ஒரே கொக்கிதான் தெரியும். குடோனின் உத்தரத்தில் மூட்டை தூக்கும் மோட்டார் உண்டு. அதன் கொக்கியில் பேட்டரித் தராசு தொங்கும். தராசின் அடிக் கொக்கியில் மூட்டையை மாட்டித் தூக்கினால், எடை சிவப்பு எழுத்தில் கொட்டை கொட்டையாக எரியும். அந்தக் கொக்கியில்தான் என் கயிற்றை மாட்டினேன். அரைக்கால் டவுசர், பனியன், ஹார்னெஸ், ஹெல்மெட்டில் குங்குமம். எதற்கும் இருக்கட்டும் என்று முதுகுப் பையையும் மாட்டிக்கொண்டேன்.

"மூக்கையாண்ணே, தரையிலருந்து ஒரு முழம் தூக்குங்க போதும்" என்றேன் லோடுமேனிடம்.

"இந்தா தம்பி" என்று பொத்தானை அழுத்தினார். மூட்டை தூக்கிப் பழகிய கை. ஒரு முழத்தில் நிற்கவில்லை, மூட்டை அடுக்கும் உயரத்துக்குப் போய்த்தான் நின்றது. "அண்ணே, எறக்குங்க!" என்று நான் சொல்வதற்கும் கரண்ட் போவதற்கும் சரியாக இருந்தது.

குடோன் இருட்டியது. என் தலைக்கு மேலே சிவப்பு எழுத்து மட்டும் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது: எண்பத்து நாலு.

"எப்பக் கரண்ட் வரும்னு கேட்டுட்டு வெரசா வந்துர்றேன்" என்று மூக்கையா அண்ணன் கிளம்பினார். (அன்று முழுக்க அவரை நான் பார்க்கவில்லை.) அவர் போன வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மலைப்பாதையில் லோடு வண்டிகள் இல்லாததால் சீக்கிரமே இறங்கிவிட்டார்களாம்.

முதலில் அகிலாவின் அப்பா உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் உறவுக்காரர்கள், தாம்பாளத்தில் பழம். கடைசியாக அகிலா. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் இரு கையும் கூப்பி, "வாங்க, வாங்க" என்றேன். அதற்குள் கயிறு திரும்பிவிட்டதால் அந்த வரவேற்பு சுவருக்குப் போய்ச் சேர்ந்தது. நான் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். என்னோடு சேர்ந்து தராசும் சுற்றியது, எண்பத்து நாலு ஒருவருக்கும் விட்டுப்போகக் கூடாதல்லவா?

உள்ளேயிருந்து அம்மா, அப்பா, மாமா ஓடி வந்தார்கள். பக்கத்தில் மூட்டை அடுக்கு என் காலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் காலை நீட்டினேன்.

"அடேய், காலை மடக்குடா! ஏலக்காய் மூட்டைடா, லட்சுமி!" என்று அம்மா அலறினாள்.

"ஆமா தம்பி, அதுல மட்டும் மிதிச்சுறாதீக" என்றார் அகிலாவின் அப்பா. இரண்டு குடும்பமும் முதன்முதலாக ஒத்துப்போன விஷயம் அது.

"கயித்த அறுத்துறலாமா?" என்றார் ஓர் உறவுக்காரர்.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல கயித்த அறுக்கிறதா?" என்று அம்மா அதையும் மறுத்தாள். மகன் கீழே விழுவான் என்பது அவளுக்கு இரண்டாம்பட்சம். ஆக, கரண்ட் வரும்வரை பேச வந்ததைப் பேசுவோம் என்று முடிவாயிற்று. நாற்காலிகள் வந்தன, கேசரி வந்தது. கேசரியை வாயில் போட ஒருமுறை குனிவதும், என்னைப் பார்க்க ஒருமுறை நிமிர்வதுமாக ஏழெட்டுப் பேர். தொடையில் பட்டை அறுத்தது, உயிர் போயிற்று. அதைச் சொல்லும் சந்தர்ப்பமாக அது தெரியவில்லை.

அகிலாவின் அப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டு. தோட்டத்தில் போட்ட எடை போடியில் இருக்காது, போடித் தராசு எல்லாமே ஏலக்காய் தின்னும் என்பது. எந்தக் கடைக்குப் போனாலும் அவர் கண் முதலில் தராசுக்குத்தான் போகும். அன்றும் போயிற்று.

"எண்பத்தி நாலு காட்டுதே. அறுபத்தெட்டுன்னுல்ல சொன்னீக?"

அகிலா என்னையே பார்த்தாள்.

"பை! முதுகுல பை இருக்குல்ல? அம்புட்டும் மலைச் சாமான்!" என்று பாய்ந்தார் மாமா.

"அப்ப பையக் கழட்டிப் போடச் சொல்லுங்க, பாத்துருவோம்" என்றாள் அகிலா.

கழற்றினேன். வேறு என்ன செய்ய? பை மாமாவின் தலையில்தான் விழுந்தது. பாறை விழுந்ததாக நினைத்து எல்லோரும் "ஐயோ!" என்றார்கள். அது மெத்தென்று துள்ளி ஓரமாகப் போய் உட்கார்ந்தது. வாய் பிளந்து, ரோஜாப்பூப் போட்ட தலையணை உறை எட்டிப் பார்த்தது. மேலே எண்பத்து மூன்று.

மாமா அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "அது... பேட்டரித் தராசு பாருங்க, கொஞ்சம் கூடத்தேன் காட்டும்" என்றார்.

அகிலாவின் அப்பா கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னைக்குக் கூடக் காட்டுற தராசு, நாளைக்கு என் காய்க்குக் கொறையக் காட்டாதுன்னு என்ன நிச்சயம்? தெரிஞ்ச எடைய மாட்டிப் பாத்தா சாயம் வெளுத்துப்போகும். ஆனா கொக்கியில மாப்ளையில்ல இருக்காரு?" என்றவர் அண்ணாந்து என்னிடமே கேட்டார். "நீங்க சொல்லுங்க தம்பி. தராசு தப்பா, நீங்க தப்பா?"

நான் அப்போது சுவரைப் பார்த்திருந்தேன். நல்லவேளை, யோசிக்க அரைச் சுற்று அவகாசம் கிடைத்தது. தராசு தப்பு என்றால் அகிலா கிடைப்பாள். நான் தப்பு என்றால் கிடைக்கமாட்டாள். எவ்வளவு சுலபமான கணக்கு! வாயைத் திறந்துகொண்டே திரும்பினேன். திரும்பிய பக்கத்தில் அப்பா நின்றார்.

அப்பா தினமும் காலையில் கடை திறந்ததும் தராசைத் துடைத்துத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் காப்பியே குடிப்பார். மகன் தொங்குவதைக்கூட அவர் சிரித்துக்கொண்டுதான் பார்த்தார். இப்போது தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தராசு சரிங்க. நான்தான் சரியில்ல" என்றேன். தொடங்கியபின் நிற்கவில்லை. "நான் எண்பத்தி மூணுதான். பையில இருக்கிறது தலகாணி. நான் ஏறுன மலை எங்க வீட்டு மாடி. இந்தச் சாமானெல்லாம் இந்த வாரம் வாங்குனது. தொங்குறது இதான் மொதத் தடவை. தராசைச் சந்தேகப்படாதீக, எங்கப்பா தாங்கமாட்டாரு."

பேசி முடிக்கும்போது மறுபடியும் சுவரைப் பார்த்திருந்தேன். பின்னால் அகிலாவின் அப்பா எழுந்திருக்கும் சத்தம். போச்சு என்று நினைத்தேன்.

"அண்ணே," என்றார் எங்கள் அப்பாவிடம், "அடுத்த லோடு ஒங்க கடையிலதான் எறக்குறேன். கல்யாணமே போனாலும் போகட்டும்னு தராசைக் காப்பாத்துற கடைய நான் இந்த ஊர்ல பாத்ததில்ல."

என் கல்யாணத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சுற்றி வந்து பார்த்தபோது அகிலா அங்கே இல்லை. வாசலில் ஜீப் உறுமும் சத்தம் கேட்டது. கிளம்பிவிட்டாள் என்றே முடிவு கட்டினேன்.

ஜீப் கிளம்பவில்லை. பின்பக்கமாகக் குடோனுக்குள் வந்தது. மூட்டை எதிலும் உரசாமல் நேராக என் காலுக்கடியில் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் இறங்கி ஜீப்பின் கூரைமேல் ஏறி, என் இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள். எண்ணெய் வழுக்கிய கொக்கி வளையத்தைத் தாவணி முனையால், இல்லை, அவள் போட்டிருந்தது சுடிதார், துப்பட்டாவால் பிடித்துத் திறந்தாள். (பதற்றத்தில் நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.)

"தொடைப் பட்டை ரெண்டும் முறுக்கிக் கெடக்கு. வலிக்கலையா?"

"வலிச்சுச்சுங்க. எடையப் பத்திப் பேச்சு வந்துட்டதால சொல்ல முடியல" என்றேன். பிறகு அடக்கமாட்டாமல், "ஜீப்பு வாசல்லயேதானங்க நின்னுச்சு? மொதல்லயே கொண்டாந்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"கொண்டாந்திருக்கலாம். நீங்க என்ன பதில் சொல்றீகன்னு பாக்கத்தான் விட்டு வச்சேன்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்பத்தி மூணுன்னா, நான் என்னைய ஒரு மரத்தோட சேத்துக் கட்டிக்கிட்டுத்தான் ஒங்க கயித்தப் பிடிக்கணும்" என்றாள்.

அவள் சம்மதம் சொன்ன விதம் அதுதான்.

இன்றைக்கும் பாறையடியில் அப்படித்தான் நிற்கிறாள், மரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு. இப்போது பட்டை முறுக்காமல் மாட்டத் தெரிகிறது, கயிற்றை நிழலில் உலர்த்தத் தெரிகிறது, கொக்கியில் தேங்காய் எண்ணெய் தடவினால் தூசி அப்பும் என்று அம்மாவோடு சண்டை போடத் தெரிகிறது. தீராத வினை ஒன்றே ஒன்றுதான். காய் கொண்டுவருகிற யாராவது எங்கள் தராசைச் சந்தேகப்பட்டால், கடையில் உட்கார்ந்திருக்கும் என் மாமனார் குரல் கொடுக்கிறார்: "அட, மாப்ளைய மாட்டிக் காட்டுங்கப்பா!"

நான் ஹார்னெஸோடு வருகிறேன். மூக்கையா அண்ணன் தூக்குகிறார். எண்பத்து மூன்று. வந்தவர் திருப்தியாகப் போகிறார். மலை ஏறுவதற்காக அகிலா என்னை ஒருமுறை இளைக்க வைத்தாள். இளைத்தபின் தராசில் மாட்டிய அன்றே, அந்தக் கடைத் தராசு இப்போது குறைத்துக் காட்டுகிறதாம் என்று ஊருக்குள் பேச்சுக் கிளம்பிவிட்டது. மறுநாள் காலையில் மாமனார் நெய்த் தூக்கோடும் நாட்டுக்கோழியோடும் வந்து இறங்கினார்.

அதிலிருந்து நான் போதும் என்று எழுந்தாலும் அம்மா விடுவதில்லை. இலையில் இன்னொரு தோசையைப் போட்டுவிட்டுச் சொல்கிறாள்: "சாப்பிடுடா அப்பு, கடை பேரு கெட்டுப்போகும்."