ஒரு ஆர்க்யுமென்ட் ஜாஸ்தி

கம்ப்யூட்டரில் வரும் பிழையை நாற்காலியில் உட்கார்ந்து சரிசெய்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கூட வேலை செய்பவர்களை வரிசையில் நிற்க வைத்துச் சரிசெய்தவர், எனக்குத் தெரிந்து, பிராக்கெட் அக்கா ஒருவர்தான்.

செங்கம் சாலையில் ஒரு ஜூஸ் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். மேனேஜரையும் சேர்த்து ஐந்து பேர். லாட்ஜுகளுக்கு சாட் பாட் எழுதிக் கொடுப்பது தொழில். யாராவது செல்போனில் ‘ரூம் இருக்கா?’ என்று கேட்டால், ஆள் இல்லாமலே அது பதில் சொல்லும். அக்கா தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். டீக்கடையில்கூட ‘டீ’ என்று சொல்லி, இரண்டு கைகளாலும் காற்றில் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் ‘சக்கரை கம்மி’ என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

ஒருநாள் எங்கள் பாட், ‘வணக்கம் மூன்று அவர்களே, உங்களுக்கு சுலோச்சனா அறைகள் தயார்’ என்று ஒரு பெண்மணிக்குப் பதில் அனுப்பிவிட்டது. மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, எங்களில் இரண்டு பேரை இடம் மாறி உட்காரச் சொன்னார்.

“பேரு உக்கார வேண்டிய சீட்ல எண்ணிக்கை உக்காந்துருக்கு. எழுப்புங்க” என்றார். ஐந்து நிமிடத்தில் பாட் ஒழுங்காகப் பேசியது.

நான் செய்த கூத்து அதைவிடப் பெரியது. முந்தைய மாதம் காலில் மாவுக்கட்டு போட்ட ஒருவருக்கு பாட் மூன்றாவது மாடியில் அறை கொடுத்திருந்தது. அது மனதை உறுத்தியதால், ‘தரைத்தளம் வேண்டுமா?’ என்று ஒரு கேள்வியை யாரிடமும் சொல்லாமல் சேர்த்துவிட்டேன். பௌர்ணமிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஊரே கிரிவலத்துக்கு அறை தேடும் நேரத்தில் பாட் வாயை மூடிக்கொண்டது.

அந்த பாட் வேலை செய்த லாட்ஜின் முதலாளியை பாய் என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர் அவர்தான். போன் செய்து என்னவென்று கேட்டார். திரையில் இருந்ததை அப்படியே படித்து, ஆர்க்யுமென்ட் மிஸ்மேட்ச் என்றேன். அவர் உடனே வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குள் அக்கா எங்கள் மூன்று பேர் சட்டையிலும் சீட்டு ஒட்டியிருந்தார். பெயர், தேதி, எத்தனை பேர். நாங்கள் பாட் அனுப்பும் விவரங்கள்; அவற்றை வாங்கி அறை பதிவு செய்யும் நிரல் அவர். அதாவது, வாசலை மறித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராக உள்ளே போனோம்.

“மூணு கேட்டேன், மூணு வந்துடுச்சு. அப்புறம் எதுக்கு நிக்குது?” என்று யோசித்தார்.

அந்த நேரம் பார்த்து, கையில் சூடான சமோசாப் பொட்டலத்தோடு பாய் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

“நீங்க நாலாவது. உங்கள நான் கேக்கவே இல்லயே?”

“கேக்கலன்னாலும் வந்தேம்மா. ஒரே எடத்துல வேலை செய்றவங்க சண்டை போட்டுக்கலாமா? ஆர்க்யுமென்ட்டுனு போன்ல சொன்னாங்க. ஜாஸ்தியா?”

அக்கா எங்கள் சீட்டுகளை எண்ணினார், பிறகு பாயையும் சேர்த்து எண்ணினார்.

“கரெக்டா சொன்னீங்க பாய். ஒண்ணு ஜாஸ்தி.”

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, நாலாவதாக யாராவது எதையாவது சேர்த்தீர்களா என்று கேட்டார். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். ‘தரைத்தளம்’ என்று ஒரு சீட்டு எழுதி பாயின் சட்டையில் ஒட்டினார். ஆர்க்யுமென்ட் என்றால் இங்கே சண்டை இல்லை, நிரலுக்கு அனுப்பும் விவரம், அறை பதிவு செய்யும் நிரல் மூன்று விவரம்தான் எதிர்பார்க்கிறது, நான் நான்கு அனுப்புகிறேன், அதனால்தான் வாசலிலேயே நிற்கிறது என்று அவருக்கும் விளக்கினார். பிறகு சற்று நகர்ந்து வழிவிட்டு, நான்கு பேரையும் உள்ளே அழைத்துக்கொண்டு போய், அதேபோல நிரலிலும் நாலாவதற்கு இடம் எழுதினார். பாய் தன் போனிலிருந்தே அறை கேட்டுப் பார்த்தார். தரைத்தளம் வேண்டுமா என்று பாட் பணிவாகக் கேட்டது.

“இது நல்ல கேள்வியாச்சே” என்றார் பாய், சீட்டைக் கழற்றாமலே.

வெளியே போயிருந்த மேனேஜர் திரும்பி வந்து, பாட் நின்றது யார் வேலை என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், “நாங்க ரெண்டு பேரும்” என்று என்னையும் காட்டிச் சொன்னார் அக்கா. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். சமோசாவை மென்றபடியே சொன்னார்: “எண்ணிக்கைதான்பா தப்பு. எண்ணம் தப்பில்ல.”

அக்கா பெங்களூருக்கு வேலை மாறிப் போய் இரண்டு வருடமாகிறது. எங்கள் அலுவலகத்தில் இப்போது பிழைகள் சத்தமில்லாமல், சீக்கிரமாகச் சரியாகிவிடுகின்றன. எனக்கு என்னவோ அது பிடிக்கவேயில்லை.