சாவியைத் துடைத்தது ஏன்?

பேய்த் தொடர் பார்ப்பவர்களில் இரண்டு இனம் உண்டு. முதல் இனத்தார் பயப்படுவார்கள். நல்லவர்கள், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிடுவார்கள். இரண்டாம் இனத்தாருக்குப் பேயைக் கண்டால் பயமே வராது. அது நம்பிக்கையோடு செத்ததா, விரக்தியில் செத்ததா என்பதுதான் அவர்கள் கவலை. திரையை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தி, கதாநாயகனின் இமை எத்தனை முறை துடித்தது என்று எண்ணி, அதற்கு ஒன்பது பத்தியில் விளக்கம் எழுதி, எழுதியதைத் தாங்களே இரண்டு தரம் வாசித்து ரசித்த பிறகுதான் பல் துலக்கப் போவார்கள்.

கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கும் நம்மவள் இந்த இனத்தின் தவப்புதல்வி. கடையில் அதிகம் வாய் திறக்க மாட்டாள். "இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா?" அதோடு அவள் நாள் முடிந்துவிடும். கைபேசியில் இருக்கும் ரசிகர் குழுவில் அவள் பெயர் பூதக்கண்ணாடி. அங்கே அவளை நிறுத்த ஆளில்லை.

அந்த ஞாயிறு மதியம் குழுவே தீப்பற்றி எரிந்தது. தொடரின் நாயகன், கடலில் மூழ்கியவர்களின் ஆவிகளுக்கு விளக்கேற்றி வழிகாட்டும் கலங்கரை விளக்கக் காவலர், கடைசிக்கு முந்தைய பகுதியில், விளக்கறைச் சாவியைக் கடலில் வீசிவிட்டார். வீசுமுன் சட்டை நுனியால் அதைத் துடைத்தார். துடைத்தாரே, போதாதா? நம்பிக்கைக் கட்சி, விரக்திக் கட்சி என்று குழு இரண்டாகப் பிளந்தது.

விரக்திக் கட்சியின் தலைவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். "தங்கச்சி, முப்பது வருஷம் வண்டி ஓட்டுனவன் சொல்றேன். சாவிய வீசுனவன் மறுபடி வண்டி எடுக்கமாட்டான். அந்தாளுக்கு விட்டுப்போச்சு."

"அப்ப ஏண்ணா துடைச்சாரு? தூக்கிப் போடற சாமான யாராவது துடைப்பாங்களா?"

"கை வேர்த்திருக்கும்மா!"

கை வேர்த்ததாம்! நம்மவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உட்கார்ந்தாள், எழுத.

அப்போது அக்கா அறைக்குள் வந்தாள். அக்கா செவிலியர். நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை. துவைத்த சீருடை கொடியிலேயே விறைத்துக் கிடந்தது. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். காவலர் மூன்றாம் பகுதியில் ஒருவேளை சாப்பிடாததற்கு நான்கு பத்தி எழுதியவள் நம்மவள். எதிரே அக்காவின் தட்டு நிறைந்தபடியே உள்ளே போவது அவள் கண்ணில் படவில்லை. இவள் ஊராருக்குப் பார்வை பரிசோதிக்கிறாள்!

அக்கா ஒரு தாளை நீட்டினாள். "இதக் கொஞ்சம் பாத்துக் குடேன். உனக்குத்தான் எழுத்து சுத்தமா வருமே."

ராஜினாமாக் கடிதம்.

நம்மவள் பதறினாளா? இல்லை. பொறுமையாகப் படித்தாள். ஒரு காற்புள்ளி சேர்த்தாள். 'மனமார்ந்த' இரண்டு இடத்தில் வந்திருந்தது, ஒன்றை அடித்தாள்.

"நல்லா இருக்குக்கா. முடிவு மட்டும் கொஞ்சம் திடீர்னு வருது."

அக்கா ஒரு நொடி நின்றாள். "சரி" என்று தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நம்மவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்: "அண்ணா, நிஜமாவே விட்டுட்டுப் போறவங்க சொல்லாம போயிடுவாங்க. ஒருத்தர் முன்னாடி நின்னு செய்றாங்கன்னா, அந்த ஒருத்தர் தடுக்கமாட்டாங்களான்னு பாக்கறாங்கன்னு அர்த்தம்."

அபாரமான வரி. வழக்கம்போல இரண்டாம் தரம் வாசித்தாள். கட்டைவிரல் அப்படியே நின்றுபோயிற்று.

அடுத்த அறைக்குப் பத்தடி. அந்தப் பத்தடியைக் கடந்து வாசற்படியில் நின்றவளுக்கு, ஒன்பது பத்தி எழுதுகிறவளுக்கு, ஒரு வாக்கியம் வரவில்லை.

"அக்கா... நீ ஏன் வேலைய விடறன்னு நான் கேக்கவே இல்ல."

"அதான் காற்புள்ளி போட்டியே. அது போதாதா?"

நம்மவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்காவே பேசினாள்.

"எட்டாம் நம்பர் கட்டில்ல ஒருத்தர். சீக்கிரம் எழுந்து நடப்பீங்கன்னு நாந்தான் தெனம் சொல்வேன். அவரும் நம்புனாருடி. உசுரு போற அன்னிக்குக் காலையிலகூட செருப்பக் கட்டிலுக்குக் கீழ எடுத்து வைக்கச் சொன்னாரு."

காவலரின் வசனம் ஒன்று, பொருத்தமானதுதான், நம்மவளின் நாக்கு நுனிவரை பளபளவென்று வந்து நின்றது. கடித்து விழுங்கினாள். வாழ்நாளில் அவள் செய்த ஆகப்பெரிய தியாகம் அது.

"அவரு எப்படிப் பேசுவாரு?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா சொன்னாள். அழுதாள். நடுவில் ஒரு முறை சிரிக்கவும் செய்தாள். பக்கத்து அறையில் கைபேசி நாற்பது தடவை உறுமியது. கடைசியில் அக்கா கடிதத்தை எடுத்தாள். கிழிக்கவில்லை. நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "பசிக்குது" என்றாள்.

வாசகரே, ஒரு சின்னக் கேள்வி. கிழிக்காமல் மடித்து வைத்தாளே, அப்படியென்றால் நாளைக்கு வேலைக்குப் போவாளா, மாட்டாளா? மடித்தது நம்பிக்கையா, தலையணைக்கு அடியில் வைத்தது விரக்தியா? பசியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இப்படி ஓர் ஆராய்ச்சி உங்கள் மனத்தில் இந்நேரம் தொடங்கியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். குழுவில் இடம் இருக்கிறது. எந்தக் கட்சி என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.