சிரிக்காதீங்க, உள்மனசை எடுக்கிறேன்

போட்டோ எடுப்பவர்களில் உள்மனசை எடுப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் அவரிடம் மாட்டியிருப்பீர்கள். வேலைக்கு மனு போட ஒரு சின்னப் படம் வேண்டுமென்று தலையைப் படிய வாரி, காலரைச் சரிசெய்து, வீட்டுக் கண்ணாடியில் ஒத்திகை பார்த்த புன்னகையை வழியில் சிந்திவிடாமல் உதட்டில் ஏந்திக்கொண்டு போயிருப்பீர்கள். அவர் உங்களைப் பார்த்ததும் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். "ம்ம்" என்பார். அவ்வளவுதான். உங்கள் வண்டவாளம் முழுவதும் அவருக்குத் தெரிந்துபோய்விட்டது.

நம்மவருக்குத் தெருவில் ஞானக்கண் என்று பெயர். எதிர்க் கடைத் தையல்காரர் கேலியாக வைத்தது. இவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு ஸ்டூடியோ போர்டிலேயே எழுதி மாட்டிவிட்டார். அப்படிப்பட்டவரை என்ன செய்ய முடியும்?

கீழே ஸ்டூடியோ, மாடியில் வீடு. ஸ்டூடியோவில் ஒரு சாம்பல் நிறத் திரை, குடை கவிழ்த்த இரண்டு விளக்குகள், நடுவில் முதுகில்லாத ஒரு ஸ்டூல். சாய்ந்து உட்கார்ந்தால் மனிதன் நடிக்க ஆரம்பித்துவிடுவானாம். உட்கார்ந்தவரை முதலில் கரிக்கோலால் வரைவார். "உள்ள போறதுக்கு ஒரு வழி வேணும்ல" என்பார். ஆனால் யார் உட்கார்ந்தாலும் அவர் காகிதத்தில் ஒரே புருவத்தோடுதான் வருவார்கள். அதன் பிறகுதான் கேமரா.

"சிரிக்காதீங்க சார்."

"போட்டோன்னா சிரிக்கணும்ல?"

"சிரிப்பு வெறும் தோலு சார். எனக்கு உள்ள இருக்கிற சுளை வேணும்."

சுளை எப்போது கிடைக்கும்? நீங்கள் தயார் என்றால் அவர் எடுக்க மாட்டார். நீங்கள் நிமிர்ந்தால் லென்ஸைத் துடைப்பார். மறுபடி நிமிர்ந்தால் விளக்கை நகர்த்துவார். கால் மரத்து, வயிறு கூவி, இந்த ஆளிடம் ஏன் வந்தோம் என்று பிறவியையே வெறுத்து நீங்கள் தோளைத் தொங்கப்போடுவீர்கள் அல்லவா, அந்த நொடியில் கிளிக்! "வந்துட்டீங்க சார், வெளிய வந்துட்டீங்க!" என்று குதிப்பார்.

அந்த முகங்களெல்லாம் சுவரில் மாட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு தலைப்பு ஒட்டியிருக்கும். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் 'கலைந்த கனவு' என்று தொங்குகிறார். அவருக்குக் கடைசி பஸ் போய்க்கொண்டிருந்தது. பேங்க் மேனேஜர் 'தனிமையின் கரையில்'. அவருக்கு அவசரமாக பாத்ரூம் போக வேண்டியிருந்தது. பாஸ்போர்ட்டுக்கு எடுத்துக்கொண்ட ஒருவரிடம், "யாரு தவறிட்டாங்க?" என்று அதிகாரி துக்கம் விசாரித்தாராம்.

இதுவரை சிரித்தீர்கள். இனிமேல்தான் ஒரு பெண்ணின் கண்ணீர் வருகிறது.

ஞானக்கண்ணின் மனைவிக்கு ஒரு தங்கை. தங்கையின் கணவர், அதாவது நம்மவரின் சகலை, சோபா கட்டில் விற்கும் கடையில் வேலை செய்பவர். புது வீட்டுக் கூடத்தில் மாட்ட அவரைத் தனியாக ஒரு படம் எடுத்துத் தரும்படி மைத்துனி ஆசையாகக் கேட்டாள். எடுத்தார். என்ன ஆச்சரியம், சகலை உட்கார்ந்ததுமே சுளை வந்துவிட்டது! காக்கவே வைக்கவில்லை. ஒரு கை கன்னத்தில், பார்வை எங்கோ தூரத்தில், கண்ணோரம் லேசான ஈரம். ஞானக்கண்ணுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒரு முகம் இத்தனை வருடத்தில் அகப்பட்டதில்லை. பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, கீழே தன் கையாலேயே எழுதி ஒட்டினார்: 'மறக்க முடியாதவள்.'

படம் காலையில் போயிற்று. சாயங்காலம் மைத்துனி பெட்டியோடு வந்துவிட்டாள்.

"யாரு அத்தான் அவ?"

"எவம்மா?"

"அந்த மறக்க முடியாதவ! அதான் கொஞ்ச நாளா இவரு என்கிட்ட முகம் கொடுத்துப் பேசுறதில்ல. சோறு போட்டா பாதியில எழுந்துடுறாரு. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு முனகுறாரு. நான் மக்கு, கடையில வேலை அதிகம்னு நினைச்சேன். உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுடுச்சு!"

அக்கா தன் கணவரைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"ஏங்க, உங்க சகலை உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"வாயைத் திறக்கல. முகம் சொல்லுச்சு."

"முகம் ஒண்ணும் சொல்லலங்க. நீங்கதான் கீழ எழுதி ஒட்டினீங்க. இப்பவே போய், எனக்கு எதுவும் தெரியாது, சும்மா அழகுக்கு வச்ச பேருன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ குடும்பம் பிழைக்கும்."

எனக்கு எதுவும் தெரியாது! ஞானக்கண்ணின் நெஞ்சில் இடி இறங்கியது. ஒரு பக்கம் கண்ணீரும் பெட்டியுமாக ஒரு பேதைப் பெண்ணின் வாழ்க்கை. மறுபக்கம் சுவர் முழுக்கத் தொங்கும் அவருடைய ஆயுள் உழைப்பு. இந்தத் தலைப்பு பொய்யென்றால் ஆசிரியையின் கனவு என்ன ஆகும்? மேனேஜரின் தனிமை? ஒரு செங்கலை உருவினால் கட்டடமே அல்லவா சரிந்துவிடும்! அவர் தவித்தார், துடித்தார், தண்ணீர் குடித்தார். கடைசியில் கலையின் பக்கம் சாய்ந்தார்.

"கேமரா பொய் சொல்லாது."

"சரி, கேமரா வேண்டாம். என் முகத்தைப் பாருங்க. என்ன தெரியுது?"

"பிடிவாதம்."

"தலைவலி! மத்தியானத்துலேருந்து மண்டை பிளக்குது!"

மைத்துனிக்குக் கூடத்தில் எல்லாம் கேட்டது. அத்தானே உறுதியாகச் சொல்லிவிட்டார், இனி சந்தேகமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இங்கேயே இருந்துடுறேன்க்கா. உனக்குப் பாரமா இருக்க மாட்டேன்" என்றாள். அக்கா தன் கணவரைப் பார்த்தாள். எந்தக் கேமராவும் தேவைப்படாத பார்வை அது.

அப்போதுதான் சகலை படியேறி வந்தார். முகத்தின் பாதியைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். கண் சிவந்து வழிந்தது.

"பாருக்கா! அவளை நினைச்சு வழியெல்லாம் அழுதுட்டு வந்திருக்காரு!"

சகலை இல்லை இல்லை என்று வேகமாகத் தலையாட்டினார். ஆட்டியது வலித்ததுபோல, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பேரைச் சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். அவ பேரு தெரிஞ்சா போதும் எனக்கு."

சகலை கைக்குட்டையை எடுத்தார். கன்னம் பந்துபோல வீங்கியிருந்தது. பேச முயன்று முடியாமல், வாயைப் பிளந்து உள்ளே விரலை நீட்டிக் காட்டினார்.

"ஒண்ணும் தெரியலையே, இருட்டா இருக்கு" என்றாள் அக்கா. "ஏங்க, அந்த விளக்கைக் கொண்டாங்க!"

ஞானக்கண் கீழே ஓடி ஸ்டூடியோ விளக்கைத் தூக்கிவந்து, நல்ல கோணமாகப் பார்த்துப் பிடித்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக ஒரு மனிதரின் உள்ளே எட்டிப் பார்த்தார். கடைசிக் கடைவாய்ப் பல். அதில் ஒரு பட்டாணி குடியிருக்கும் அளவுக்குக் குழி.

"பல்லா?" என்று மைத்துனி கத்தினாள். "பல்லுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவியே" என்று சகலை குழறினார். "ஊசி போடுவாங்க."

அழுதவளே சிரித்தாள். சிரித்தவளே அடித்தாள். "இதுக்கா மூடி மறைச்சீங்க? நான் உயிரோட செத்துட்டேனே!" என்று அவர் தோளில் நாலு போட்டு, அந்தக் கையாலேயே வீங்காத கன்னத்தைத் தடவி, பெட்டியை அவர் தலையில் கட்டி, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் மட்டும் நின்று திரும்பினாள்.

"அத்தான், அப்ப அந்தத் தலைப்பு?"

இப்போதாவது சொல்வார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். ஞானக்கண் விளக்கை அணைத்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"உள்ள ஒரு வலி இருக்குன்னு சொன்னேனா இல்லையா? இருந்துச்சா இல்லையா? படத்தை அனுப்பு, பேரை மட்டும் மாத்தித் தர்றேன்."

அக்கா நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

இந்த மனிதரை எண்ணிச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அவர் கறுப்பா சிவப்பா, மூக்கு எப்படி, மீசை உண்டா என்று இங்கே ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் முகம் உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது, இல்லையா? அந்த முகத்தைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம் என்றும் தோன்றுகிறதே?

பக்கத்துத் தெருவில் ஒரு கடை வாடகைக்கு வந்திருக்கிறது. ஸ்டூலை மட்டும் முதுகில்லாததாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.