தேங்காய்க்கடையை மேம்படுத்திய வரலாறு

அந்தக் கேள்வியை முதன்முதலில் எழுதிய மனுசர் ஆரோ, அவர் தன் வாழ்நாளில் ஒரு தேங்காய்கூட விற்றிருக்கமாட்டார். விற்றவர் இப்படிக் கேட்பாரா? "நீர் ஒரு செயன்முறையை மேம்படுத்திய அனுபவத்தை விளக்குக."

கொடிகாமம் சந்தையில் தேங்காய் விற்கும் அருட்செல்வன், புதிதாக வந்த குளிர்களஞ்சியக் கம்பனியின் செயற்பாட்டு முகாமையாளர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தான். வெயிலில் நின்று தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியது போதும், இனி மின்விசிறிக்குக் கீழே இருந்து கத்தவேண்டும் என்பது அவன் இலட்சியம்.

மனைவி நிவேதனா கைபேசியைப் பார்த்துப் பாடம் நடத்தினாள்.

"நேர்முகத் தேர்விலை இந்தக் கேள்விக்கு, முந்தி என்ன குறை இருந்தது, நீங்கள் என்னத்தை மாத்தினீங்கள் எண்டு சொல்லவேணுமாம்."

"சனம் வரும், தட்டிப் பாக்கும், விலை பேசும், நான் ஏசுவன், வாங்கிக்கொண்டு போகும். இதிலை என்னடி குறை?"

"குறை இல்லாட்டி வேலையும் இல்லை."

ஆகவே, நேர்முகத் தேர்வின் நன்மை கருதி, கடையில் குறை உண்டாக்குவதெனத் தீர்மானிக்கப்பட்டது. வருபவர் நம்பர் துண்டு எடுக்கவேண்டும். தேங்காயைத் தட்ட ஒரு மச்சான். சத்தம் சரியோ என உறுதிப்படுத்த இன்னொரு மச்சான். விலை குறைக்க விரும்புவோர் எழுத்தில் கோரவேண்டும். அருட்செல்வன் அதைப் பரிசீலித்து, முறைப்படி ஏசுவான்.

"தம்பி, சம்பலுக்கு ஒரு தேங்காய் தா," என்றார் பழைய வாடிக்கைக்காரர் தம்பிஐயா.

"துண்டு எடுத்தனீங்களோ?"

"உனக்கென்ன விசரே?"

அவர் பக்கத்திலே தேங்காய் விற்கும் கோபிசங்கரின் கடைக்குப் போனார். பின்னாலேயே சந்தை முழுக்கப் போனது.

அருட்செல்வன் கலங்கவில்லை. குறை இவ்வளவு சிறப்பாக அமையுமென்று அவனே எதிர்பார்க்கவில்லை. தேர்வுக்கு முதல்நாள் எல்லாவற்றையும் நீக்கி, மேம்படுத்தி முடித்தான்.

தேர்வறையில் மூன்று பேர். ஒருவர் கேள்வியை வாசித்தார், ஒருவர் பதிலை எழுதினார், ஒருவர் தலையாட்டினார்.

"மூண்டுபேர் மெனக்கெட்ட வேலையை ஒரு ஆளோடை முடிச்சன், ஐயா!" என்று முழங்கினான் அருட்செல்வன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலையாட்டுபவர் தலையாட்டுவதை நிறுத்தினார்.

வேலை கோபிசங்கருக்குக் கிடைத்தது.

"நீயும் போனனியோடா?" என்று கேட்டான் அருட்செல்வன்.

"ஓம் அண்ணை. கொஞ்ச நாளிலை சனத்தை மூண்டு மடங்காக்கினன் எண்டு சொன்னன். எப்படி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

கோபிசங்கரின் கடையை இப்போது அவன் மனைவி பார்க்கிறாள். கூட்டம் நிற்கிறதே, நல்ல தேங்காயாய்த்தான் இருக்குமென்று இன்னும் கூட்டம் சேருகிறது. எல்லாரும் சொன்ன விலைக்கு, வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டு கடைத் தேங்காயும் பறித்தது ஒரே தோட்டத்தில்.

கேள்வி எழுதின ஐயா! எங்கை இருந்தாலும் நாளைக்கே கொடிகாமம் வாரும். உம்மாலை போன சனத்தைத் திருப்பிக் கூட்டிவாரும். முடியாதெண்டால் நீராவது வந்து ஒரு தேங்காய்க்கு விலை பேசும். ஏச ஆளில்லாமல் அருட்செல்வன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை.