உருகுவே அண்ணையும் எங்கள் கோல்கீப்பரும்

சுவிஸில் இருக்கும் அத்தனை தமிழர்களிலும் 1916ஆம் ஆண்டிலேயே குடியிருந்தவர் உருகுவே அண்ணை ஒருவர்தான். வீடு எம்மன்புரூக்கேயில், வேலை பிளாஸ்ரிக் தொழிற்சாலையில், மனம் மட்டும் ஆர்ஜென்டீனாவில் நடந்த முதலாவது தென் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில். பெற்றோர் அவருக்கு வைத்த பெயரை அவருடைய மகளின் கல்யாண அழைப்பிதழில்தான் நான் முதன்முதல் பார்த்தேன். யாரோ தெரியாத ஆள் எங்களை அழைத்திருக்கிறார் என்று மனைவியிடம் சொன்னேன்.

அவர் பந்தை உதைத்து எவரும் கண்டதில்லை. தென் அமெரிக்காவுக்குப் போனதும் இல்லை. உலகக் கிண்ணம் நடக்கும் நாட்களில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்க, அவர் நித்திரைக்குப் போய்விடுவார். தனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, முடிவு தெரிந்த ஆட்டங்கள்தான் நெஞ்சுக்கு ஒத்துவரும் என்பார்.

இந்தப் பைத்தியம் அவரைப் பிடித்த இடம் ஓர் உணவகச் சமையலறை. அகதியாக வந்த புதிதில் அங்கே கோப்பை கழுவினார். பக்கத்தில் நின்று சமைத்தவர் சிலியிலிருந்து தப்பி வந்தவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன் மட்டும்தான். ஊர்க் கதை கதைத்தால் இரண்டு பேருக்கும் கண் கலங்கும் என்பதால் சிலிக்காரர் பந்துக் கதை சொன்னார். ஐரோப்பாவில் ஆளையாள் சுட்டுக்கொண்டிருந்த ஒரு வருசத்தில் ஆர்ஜென்டீனா, பிரேசில், சிலி, உருகுவே என்று நாலு நாடுகள் கூடிப் பந்து விளையாடின என்பது அண்ணையின் மனதில் ஒட்டிக்கொண்டது. நாலிலும் ஆகச் சின்னது உருகுவே. வென்றதும் அதுதான். அன்றிலிருந்து அவர் உருகுவேயின் ஆள். போட்டி நடந்த நகரம் புவனெஸ் ஐரெஸ் என்பதால்தான் புவனேஸ்வரி என்ற பெண்ணைக் கட்டினார் என்று ஒரு பகிடியும் உண்டு. புவனேஸ் அக்கா அதை மறுத்ததில்லை.

பிறகு எந்தக் கதையும் அங்கேதான் போய் முடியும். செத்தவீட்டுக்குப் போனால், 1918இல் காய்ச்சல் பரவி அந்த வருசப் போட்டியையே தள்ளிவைத்ததைச் சொல்லிப் பிள்ளைகளைத் தேற்றுவார். குடியுரிமைக்கான நேர்முகத்தில், இந்த நாட்டில் என்ன பிடிக்கும் என்று கேட்டார்களாம். நாங்களெல்லாம் மலை, ஏரி, நேர ஒழுங்கு என்று பாடமாக்கிக்கொண்டு போனோம். அண்ணையோ, இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவில் நெரிபடும் உருகுவேயையும், அதேபோல நெரிபடும் சுவிஸையும் ஒப்பிட்டு, தான் எப்போதும் சின்ன நாடுகளின் பக்கம் என்று சொல்லியிருக்கிறார். எல்லாம் போச்சு என்று பக்கத்தில் இருந்த புவனேஸ் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். குழுவில் இருந்தவர்கள் சிரித்துவிட்டு இருவருக்கும் குடியுரிமை கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவரிடம் எங்கள் கோடைகால விளையாட்டு விழாவில் ஒலிவாங்கியைக் கொடுத்தது பெரிய துணிச்சல். எங்கள் அணி ஊஸ்டர் நகரத்து அணியுடன் விளையாடிக்கொண்டிருக்கும். அறிவிப்பு புவனெஸ் ஐரெஸில் நடந்துகொண்டிருக்கும். ஒருமுறை அவர் கோல் என்று அறிவிக்க, எங்கள் பெடியள் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். அது நூறு வருசத்துக்கு முந்தி அடித்த கோல் என்று விளங்குவதற்குள் ஊஸ்டர் உண்மையாகவே ஒன்றைப் போட்டுவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வந்த ஒரு விழாவைப் பற்றி.

என் மகள் துளசி, எரித்திரியாவிலிருந்து வந்த யோனாஸைக் கல்யாணம் செய்திருந்தாள். சனம் ஆளுக்கொரு கதை கதைத்ததில், தமிழர் கூடும் இடங்களுக்கு வருவதையே விட்டிருந்தாள். அந்தக் கோடையில் எங்கள் கோல்கீப்பர் காலை முறித்துக்கொள்ள, பெடியள் யோனாஸைக் கூப்பிட்டார்கள். அதற்காகத்தான் அவள் மைதானத்துக்கு வந்தாள். இறுதி ஆட்டம் வில் என்ற ஊரின் அணியுடன். யோனாஸ் ஒரு பெனால்டியைத் தடுத்தான். ஒரு கோலால் வென்றோம்.

வில் அணியின் மனேச்சர் விழாக்குழுவின் மேசைக்கு வந்தார். இது தமிழர் போட்டி, கோல்கீப்பர் தமிழன் இல்லை, ஆகவே முடிவு செல்லாது என்றார். பிரச்சினை வேண்டாம், வேறு ஆளை விட்டு இன்னொருக்கால் விளையாடலாம் என்று குழுத் தலைவர் இழுத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த துளசி கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள். இன்றைக்கு எழும்பிப் போனால் இவள் இனி வரமாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

“தம்பி, நீங்கள் சிலியோ?” என்று அண்ணையின் குரல் கேட்டது.

மனேச்சர் திகைத்துப்போனார். “இல்லை அண்ணை, நான் சாவகச்சேரி.”

மைதானம் முழுக்கச் சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. அந்த முதலாவது போட்டியில் உருகுவேயிடம் தோற்ற சிலி, உருகுவே இரண்டு ஆபிரிக்கரை இறக்கிவிட்டது என்று முறைப்பாடு செய்ததைச் சொன்னார். அந்த இருவரும் உருகுவேக்காரர்தான். முன்னோரைத்தான் அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவந்திருந்தார்கள். முறைப்பாடு எடுபடவில்லை. அந்த இருவரில் ஒருவர்தான் போட்டியிலேயே ஆகக் கூடிய கோல் போட்டவர்.

“எனக்கு இதைச் சொன்னது ஒரு சிலிக்காரர்,” என்றார் அண்ணை. “அவர் பிறக்க முந்தி நடந்த விசயம். எண்டாலும் சொல்லேக்கை என்ரை முகத்தைப் பாக்கேல்லை. சட்டியைப் பாத்துக்கொண்டு நிண்டவர். எங்கடை பிள்ளையளும் ஒருநாள் அப்பிடி நிக்க வேணுமோ, தம்பி?”

மனேச்சர் கொஞ்ச நேரம் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யோனாஸிடம் நடந்துபோய்க் கைகொடுத்து, அந்தப் பெனால்டி எந்தப் பக்கம் வரும் என்று எப்படித் தெரிந்தது என்று சுவிஸ் ஜெர்மனில் கேட்டார். துளசி பையைக் கீழே வைத்தாள்.

அதோடு நிறுத்தினால் அவர் உருகுவே அண்ணை இல்லையே. கையில் ஒலிவாங்கி, முன்னால் வாய்மூடிய சனம். இப்படியொரு வாய்ப்பு அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை. 1919இல் ரியோவில் பிரேசிலும் உருகுவேயும் மேலதிக நேரத்துக்கு மேல் மேலதிக நேரம் விளையாடிய ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். பரிசளிப்புப் பிந்தியது. கொத்துரொட்டி ஆறியது. கடைசியில் புவனேஸ் அக்கா எழும்பிப் போய் வயரைக் கழற்றினார்.

அன்று பின்னேரம் துளசியைச் சுற்றிப் பெண்கள் இருந்தார்கள். ஒருவர் யோனாஸின் தட்டில் வடையை வைத்து, உறைப்புத் தாங்குவாரோ என்று கவலையோடு கேட்டார். எரித்திரியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்காதவர் கேட்கும் கேள்வி அது. நான் அண்ணையிடம் நன்றி சொல்லப் போனேன். எனக்கு ஏன், உருகுவேக்குச் சொல்லுங்கோ என்று கையைத் தட்டிவிட்டு, ரியோ ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முழுக்கக் கேட்டேன்.

இப்போது அண்ணை ஓய்வுபெற்று, மகளோடு ஊஸ்டரில் இருக்கிறார். போன ஞாயிறு நாங்கள் எல்லோரும் பார்க்கப் போனோம். உடம்பு மெலிந்திருந்தது. 1916இன் கடைசி ஆட்டத்துக்குச் சனம் அளவுக்கு மிஞ்சிக் கூடி, ஆட்டத்தை நிறுத்த, கோபத்தில் பார்வையாளருக்கான பலகை மேடைக்குத் தீ வைத்த கதையைத் தொடங்கினார். எத்தனையோ தடவை கேட்ட கதை. இடையில் இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார். களைத்துப்போய், இனி விட்டுவிடுவார் போலச் சாய்ந்து இருந்தார்.

யோனாஸ் முன்னால் குனிந்து, எங்கள் தமிழில் கேட்டான்.

“பிறகு என்ன நடந்தது, அண்ணை?”

நானும் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன்.