சின்ன வீட்டு தியரி

கதையில் வருகிறவர்களைப் பற்றிப் புறம் பேசினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். அந்த நம்பிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சரியாக நாற்பது வினாடியில் போனது. என் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு அப்போது நான்கு நாள் இருந்தது.

நான் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் முழுநேரமும் நான் பார்த்த வேலை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் முடிவை ஆராய்வது. பனிமூட்டம், கல்லறைகள், காக்கைகள், நாற்பது அறைகள் கொண்ட இருண்ட பங்களா. அங்கே ஒரு பெண் மருமகளாக வந்து இறங்குகிறாள். விளையாடுகிற நாம்தான் அவள். கணவனைக் கண்ணிலேயே காட்ட மாட்டார்கள். மாமியார் கறுப்பு உடையில் சாவிக்கொத்தோடு நடமாடுகிறார். மாமனார் தினமும் சாயங்காலம் கைத்தடியை எடுத்துக்கொண்டு உலாவப் போய்விடுகிறார். சுவரில் முதல் மருமகளின் படம் தொங்குகிறது. அவள் எப்படிச் செத்தாள் என்று கேட்டால் வேலைக்காரி முதல் நாய் வரை பேச்சை மாற்றுகிறார்கள். (நம் டிவி சீரியலில் பனியையும் மெழுகுவத்தியையும் சேர்த்தால் அதுதான். எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று இப்போது புரிகிறது.)

அந்த விளையாட்டுக்கு மூன்று முடிவுகள். ஒன்றில் மருமகள் பங்களாவைக் கொளுத்தி, தானும் உள்ளேயே இருந்துவிடுகிறாள். இரண்டாவதில் சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்துவிடுகிறது. அடுத்த கறுப்பு உடை அவளுக்கு. மூன்றாவதில் தப்பித்து வெளிவாசல் வரை ஓடுகிறாள், ஆனால் கடைசிக் காட்சியில் சுவரில் இரண்டாவதாக ஒரு படம் தொங்குகிறது. இதில் எது உண்மையான முடிவு என்று உலகம் முழுக்க இணையத்தில் அடித்துக்கொண்டார்கள். நானும் என் கல்லூரித் தோழர்கள் ஐந்து பேரும் எங்கள் பங்குக்கு அடித்துக்கொண்டோம். பாத்திரங்களின் ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாததால் மாமனார், மாமியார், மருமகள் என்றே வைத்துக்கொண்டோம். பங்களா பெரிய வீடு. தோட்டத்து மூலையில் இருந்த காவல்காரர் குடிசை சின்ன வீடு. சின்ன வீடு என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வைத்தோம். என் தியரியே அதுதானே.

மாமனார் உலாவப் போவது நாடகம். சின்ன வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். முதல் மருமகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். குடும்ப மானத்தைக் காப்பாற்ற மாமியார் அவளை முடித்துவிட்டார். மூன்று முடிவுகளும் ஒரே முடிவுதான், மருமகளுக்கு வழியே கிடையாது. இதுதான் என் தியரி. வளாக நேர்முகத் தேர்வில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றபோது எனக்கு மூன்று வாக்கியம்கூட வரவில்லை. இதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவேன்.

இனி நிஜ மாமனார், மாமியார், மருமகளுக்கு வருகிறேன்.

மருமகள் என் அக்கா சுகன்யா. திருவூடல் தெருவில் எங்கள் வீடு. அக்கா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அதுவரை வந்த வரன்களை எல்லாம் ‘இவன் சிரிக்கிறான்’, ‘இவன் சிரிக்கவே இல்லை’ என்று தட்டிக் கழித்தவள். அடி அண்ணாமலையிலிருந்து சதீஷ் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று ராத்திரி குழம்பில் உப்புப் போட மறந்தாள். அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் குழம்பைச் சாப்பிட்டு முடித்தார். எங்கள் வீட்டில் சம்மதம் கேட்பது, சொல்வது எல்லாம் அந்த அளவுதான்.

சதீஷ் வீட்டுக்கு ஒரே பிள்ளை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அவர்களுக்கு மணிலா, அதாவது வேர்க்கடலைப் பயிர். அவருடைய அப்பா அம்மா, எனக்கு மாமா, அத்தை, இருவரும் நல்ல மாதிரி. மாமாவுக்கு மட்டும் கொஞ்சம் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னதால் தினமும் சாயங்காலம் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஆசிரமத்துப் பக்கம் போய், அங்கே நிழலில் நடந்துவிட்டு வருவார். (மொபெட்டில் போய் நடக்கிறவரை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் துப்பறியும் மூளை பங்களாவில் இருந்தது.)

அப்பா உற்சாகத்தில் இரு வீட்டாரையும் சேர்த்து வாட்ஸப்பில் ‘நம்ம வீட்டுக் கல்யாணம்’ என்று ஒரு குழு ஆரம்பித்தார். எங்கள் ஆராய்ச்சிக் குழுவின் பெயர் ‘நம்ம பெரிய வீடு’. இரண்டும் என் போனில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. இதற்கு மேல் விவரம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அந்த மதியம் விளையாட்டில் ஒரு புதுத் தடயம் கிடைத்தது. தட்டச்சு செய்யப் பொறுமையில்லாமல், நாற்பது வினாடிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. மாமனார் தினமும் சாயங்காலம் நடந்துட்டு வரேன்னு சொல்லிட்டு நேரா சின்ன வீட்டுக்குத்தான் போறாரு. எங்கிட்ட ஆதாரம் இருக்கு. ஜன்னல் வழியா பாத்தேன். மேஜை மேல ரெண்டு தட்டு. மாமியாருக்கு எல்லாம் தெரியும், மானம் போயிடும்னு வாயத் தொறக்காம இருக்காங்க. மொத மருமகள முடிச்சது அவங்கதான். இப்ப போற மருமகளும் உயிரோட திரும்ப மாட்டா. வேணும்னா எழுதித் தரேன்.”

முதலில் எங்கள் பெரியப்பா கும்பிடு போட்டார். (யார் எதை அனுப்பினாலும், கேட்காமலே கும்பிடு போடுகிறவர் அவர்.) அவர் ஏன் எங்கள் ஆராய்ச்சிக் குழுவில் இருக்கிறார் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சித்தியின் கேள்வி வந்து விழுந்தது: ‘மொத மருமகளா? அப்ப மாப்பிள்ளைக்கு ரெண்டாந்தாரமா?’

பதறிப்போய் பதிவை அழித்தேன். அதிலும் ‘எனக்கு மட்டும் அழி’ என்பதை அழுத்தித் தொலைத்தேன். அந்தக் குழுவிலேயே பதிவு இல்லாத போன் என்னுடையது மட்டும்தான். மற்ற முப்பத்து நான்கு பேரிடமும் அது பத்திரமாக இருந்தது.

ஐந்து நிமிடத்தில் சதீஷ் போன் செய்தார். “பவி, இன்னா அனுப்பின நீ? அம்மா ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுட்டாங்க. ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கினாங்க. அப்பா பேச மாட்டேங்கறாரு.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டார், தன் தலையில் ஒன்று, என் தலையில் மூன்று. அப்பா ஆட்டோ கூப்பிட ஓடினார். அக்கா திட்டவே இல்லை. கட்டிலில் பரப்பி வைத்திருந்த நிச்சயப் புடவையை நான்காக மடித்து, எட்டாக மடித்து, பெட்டிக்குள் வைத்து மூடினாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

கிரிவலப் பாதையில் ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. அக்கா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த கேம்ல மூணு முடிவுன்னு சொல்லுவியே.”

“ஆமாக்கா.”

“ஒண்ணுலயாவது அந்தப் பொண்ணு நல்லா இருப்பாளா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆராய்ச்சியாளருக்கென்று ஒரு நேர்மை இருக்கிறதே. “இல்லக்கா” என்றேன். அம்மா நான்காவதாக ஒன்று வைத்தார்.

அவர்கள் வீட்டில் அறைக் கதவு சாத்தியே இருந்தது. கூடத்தில் மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் அவர் சட்டை நனைந்திருந்தது. எங்கள் ஊரில் சாமியே தை மாதம் தெருவில் வைத்து அம்மனோடு ஊடல் கொள்கிறவர்தான். அம்மன் கோவிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, சாமி மலையைச் சுற்றப் போய்விடுவார். மாமாவால் அதுவும் முடியாது. சுற்றப் போனதுதானே குற்றச்சாட்டு.

நான் அவர் அருகில் போய் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார், ரகசியக் குரலில்.

“பாப்பா, நீ எந்த ஜன்னல் வழியா பாத்த? ரோட்டுப் பக்கமா?”

“தோட்டத்துப் பக்கம் மாமா.”

மாமா கண்களை மூடிக்கொண்டார். “ரெண்டு தட்டையும் பாத்துட்டியா?”

“பாத்தேன் மாமா. ஆனா அது வந்து...”

“சொல்லாத. ஒண்ணும் சொல்லாத.”

எனக்குப் புரியவில்லை. மாமாவும் இந்த விளையாட்டை விளையாடுகிறாரோ என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. (என் மூளையின் தரத்துக்கு இது ஒன்று போதும்.)

மடிக்கணினியைக் கூடத்து மேஜையில் வைத்துத் திறந்தேன். மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக என் தியரியை யாரும் நம்பிவிடக் கூடாது என்று பேசினேன். “அத்தை, இது கேம் அத்தை. நான் சொன்ன மாமனார் இவர் இல்ல. அவருக்குத் தாடி இருக்கு. குதிர வண்டி வச்சிருக்காரு. பாருங்க, இதான் பெரிய வீடு, இதான் சின்ன வீடு. மொத மருமகளும் கேம்ல வர்ற பொண்ணுதான்.”

சதீஷும் அக்காவும் இரண்டு பக்கமும் நின்று திரையைப் பார்த்தார்கள். அப்பா ‘கிராபிக்ஸ் நல்லா இருக்கே’ என்று முணுமுணுத்து அம்மாவிடம் முறைப்பு வாங்கினார். காக்கை கத்துகிற சத்தத்தில் கதவு அரை அடி திறந்தது. அத்தை எட்டிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, பங்களாவை ஒரு சுற்று பார்த்தார்.

“இவ்ளோ ரூமு. யாரு பெருக்கறது?” என்றார். எனக்கு உயிர் வந்தது. அது நிலைக்கவில்லை.

“சரிம்மா. இது பொம்மைக் கத. இதுல இருக்கற கெழவன் வேற. எல்லாம் ஒத்துக்கறேன்.” அத்தை மெதுவாகத் திரும்பினார். “அப்ப இவரு ஏன் இப்படி வேர்த்து ஊத்தறாரு?”

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம்.

மாமா எழுந்து நின்றார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். “கேக்கு” என்றார்.

“கேக்கறேன். சொல்லுங்க” என்றார் அத்தை.

“அதான் சொல்றேன். கேக்கு. சாக்லேட் கேக்கு. ஆசிரமத்துப் பக்கம் ஒரு கடையில போடறாங்க.”

“யாரு போடறது?”

“ஒரு வெள்ளக்காரம்மா.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா பெருமூச்சு விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். மாமா அவசரமாகக் கையை ஆட்டினார். “அதுக்கு எழுவது வயசுக்கு மேல இருக்கும். அதுவே சுகர் பேஷண்டு.”

“அப்ப ரெண்டு தட்டு?” இப்படிக் கேட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான்தான்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். “ரெண்டுமே என்னுதுதாம்மா.”

சதீஷுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அக்காவுக்கு. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய், மொபெட்டில் மாட்டியிருந்த பையைத் துழாவி, காகிதத்தில் சுற்றிய அரைத்துண்டு கேக்கைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். தடயம் என்றால் அது தடயம். நான் ஆறு மாதம் தேடினாலும் கிடைத்திருக்காது.

“நான் ஆறு மாசமா கேப்பங்களி கிண்டிப் போடறேன். மாத்திர சாப்பிட்டும் சுகர் ஜாஸ்தியாகுதே, சாமிக்கு ஏதாவது கொற வச்சுட்டமான்னு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்தறேன்” என்று சொல்லும்போது அத்தைக்குக் குரல் உடைந்தது. “உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் இன்னா பண்றது?”

மாமா பேசினார், மிகவும் சின்னக் குரலில். “தப்புதான். இனிமே ஒரு தட்டு.”

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினார். “ஏம்மா சுகன்யா, இந்த வீட்டு ரகசியம் இவ்ளோதான். நானும் இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கினேன். இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. வரியா?”

“வரேன் அத்தை” என்றாள் அக்கா. கணக்கு டீச்சர், ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அத்தை என்னைப் பார்த்து, “நீ அழாத. உங்கக்கா உயிரோட திரும்பி வருவா. நான் எழுதித் தரேன்” என்றார்.

நான்கு நாள் கழித்து நிச்சயதார்த்தம் நடந்தது. சாப்பாட்டில் இனிப்பு பரிமாறும்போது மட்டும் மாமாவின் இலையருகே அத்தை ஆள் நிறுத்தியிருந்தார். அடுத்த வருடம் விளையாட்டைச் செய்தவர்கள் கூடுதல் பாகம் ஒன்றை வெளியிட்டார்கள். சின்ன வீட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே மண்வெட்டியும் பூந்தொட்டிகளும்தான். அந்தச் செய்தியை அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவள் அதைக் கல்யாணக் குழுவில் போட, பெரியப்பா உட்பட முப்பத்து நான்கு பேரும் எனக்குக் கும்பிடு போட்டார்கள்.

இன்று எனக்குச் சென்னையில் வேலை, கல்யாணம், காதோரம் நரை எல்லாம் வந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு குடும்பங்களிலும் என் பெயர் தியரி. அக்கா மகள்கூட ‘தியரி சித்தி’ என்றுதான் கூப்பிடுகிறாள். மாமா வீட்டில் யார் காலதாமதமாக வந்தாலும் விசாரணை என்னிடம் வருகிறது. போன வாரம்கூடச் சாயங்காலம் ஆறு மணிக்கு அத்தை போன் செய்தார்.

“தியரி, உங்க மாமா நடக்கப் போறேன்னு கெளம்பினாரு. இன்னும் காணோம். எங்க இருப்பாரு, கண்டுபுடிச்சு சொல்லு.”

அதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் மாமா எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். மேஜை, ஜன்னல் வெளிச்சம், ஒரே ஒரு தட்டு. “நடந்துக்கிட்டுதான் இருப்பாரு அத்தை” என்றேன்.

“ம். நடக்கட்டும், நடக்கட்டும்” என்றார் அத்தை. “வரும்போது எனக்கும் ஒண்ணு பார்சல் கட்டினு வரச் சொல்லு. மேல கிரீமு ஜாஸ்தியா போட்டு.”