மழை நானாவின் குடை

கண்டியில் ஒரு காணியைக்கூட விற்றுப் பார்க்காத காணி புரோக்கர் மழை நானா ஒருவர்தான். வெயிலில் காணி காட்டவே மாட்டார். வாங்குகிறவர் விமானம் ஏறி வந்திருந்தாலும் மழை பெய்யும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மிலானில் முதியவர்களைப் பராமரிக்கும் என் தங்கைக்காக அவரிடம் போனேன். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்த எங்கள் குடும்பத்தில் யார் பேரிலும் ஒரு பிடி மண் இருந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் சொந்த வீட்டில் கண்மூட வேண்டும், அதுதான் அவள் ஆசை.

நானா என்னை ஏழு மழையில் நனைத்தார். ஒவ்வொரு காணியிலும் தன் நீளக் கறுப்புக் குடையை மண்ணில் ஊன்றி அழுத்திப் பார்ப்பார். அம்பிட்டிய மலைச்சரிவில், ஊரே காலடியில் தெரியும் இடத்தில், குடை பாதிக்குமேல் உள்ளே போனது.

"வேணாம் தம்பி. வெயில்ல எல்லாக் காணியும் மாப்பிள்ளை மாதிரித்தான் ஈக்கும்."

எனக்குத் தும்மலும் தடிமனும், தங்கைக்குக் கோபம். அந்தக் கிழவர் இந்த ஜென்மத்தில் வாங்கித் தரமாட்டார் என்றாள். வேறொரு புரோக்கர் அதே அம்பிட்டியக் காணியை நல்ல வெயிலில் வீடியோ எடுத்து, புல்லாங்குழல் இசையும் சேர்த்து அவளுக்கு அனுப்பினான். அவள் உருகிவிட்டாள். அவள் தந்த அதிகாரப் பத்திரத்தை வைத்து நான் கையெழுத்துப் போட்டேன். குடை இறங்கியதைக் கண்ணால் பார்த்த மடையன் நான். அதற்காக இன்றும் என்னை மன்னிக்க முடியவில்லை.

வீடு எழும்பியது, பெற்றோர் குடிவந்தார்கள். பிறகு ஐந்து நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை நான் டவுனில் வேலையிலிருந்தபோது, நானா தன் த்ரீவீலில் அங்கே போயிருக்கிறார். மண் சரியும் என்று பயமுறுத்தினால் அப்பா அசையமாட்டார் என்று அவருக்குத் தெரியும். அதனால் குண்டசாலையில் அருமையான காணி இருக்கிறது, இப்போதே பார்க்க வேண்டும் என்றாராம். மழையில்தான் காட்டுவார் என்பது ஊரறிந்த கிறுக்கு என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே அம்மாவோடு ஏறியிருக்கிறார்.

குண்டசாலையில் ஒரு கடைவாசலில் இறக்கிவிட்டு, குடையை அம்மாவிடம் கொடுத்தார். "புடிங்கம்மா. பக்கத்து ஊட்டாக்களயும் கூட்டிட்டு வாரேன்."

அவர் திரும்பி அங்கே போய்ச் சேர்ந்ததும் மலை சரிந்து இறங்கியது. பக்கத்து வீட்டு மூவரையும் நானாவையும் மூன்றாம் நாள்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

போன மாதம் தங்கை வந்தாள். குண்டசாலையில் ஒரு காணிக்காரர் உடனே வந்து பார்க்கச் சொன்னார். நாங்கள் மழைக்காகப் பதினொரு நாள் காத்திருந்தோம். அவரும் எங்களைக் கிறுக்கர்கள் என்றே நினைத்திருப்பார். கொட்டும் மழையில் தங்கை அந்தக் குடையை ஊன்றி, இருந்த பலத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். இறங்கவில்லை.

"நானா சரின்னுட்டாருண்ணே" என்று அழுதாள். நானும் அழுதேன்.

மழை நானா விற்ற ஒரே காணி அதுதான்.